பங்காளி என்று எழுதிவிட்டான்

நூலுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து திருத்தணி நெசவாளர் தெருவில் தறிகள் பாதி நாள் சும்மா கிடந்தன. தனி ஆளுக்கு பர்மிட் இல்லை. பதிவு செய்த அமைப்பாக வந்தால் நூல் உண்டு என்றார்கள்.

கோதண்டபாணிக்குச் சங்கம் வைக்கத்தான் ஆசை. அதில் ஒற்றைத் தறி வைத்திருக்கும் பாஞ்சாலிக்கும் ஓர் ஓட்டு, நாலு தறிக்காரனுக்கும் ஓர் ஓட்டு. ஆனால் சங்கமானாலும் கம்பெனியானாலும் பர்மிட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் தேறினார்கள். மிச்சம் இருந்தது நாலு தறிக்காரன் பரந்தாமன். கோதண்டபாணியின் மனைவிக்குத் தம்பி; அக்காள் புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"கம்பெனின்னா கையெழுத்துப் போடறேன் பாவா. நாலு தறிக்கு நாலு ஓட்டு. பாஞ்சாலி கையத் தூக்குவா, நான் பாத்துகினு குந்தியிருக்கணுமா?"

அவன் வராவிட்டால் ஒருவருக்கும் நூல் இல்லை. கோதண்டபாணி மனசைக் கல்லாக்கிக்கொண்டு கம்பெனிக்கே ஒப்பந்தம் எழுதினான். தெரு ஜனங்களைக் கூட்டி வைத்துப் படித்தான்.

"கீழே கையெழுத்திட்ட நாம் பத்துப் பேரும் இன்று முதல் பங்காளிகள்..."

"நிறுத்து பாவா!" பரந்தாமன் எழுந்துவிட்டான். "நீயும் நானும் பங்காளியா?"

"பங்கு வச்சிருந்தா பங்காளிதானே மச்சான்?"

"பங்காளி வூட்டுக்கு எவனாச்சும் பொண்ணு குடுப்பானா? தை மாசம் என் பொண்ணு சந்திராவ உன் புள்ளைக்குக் கட்டறதா பேசிகினு இருக்கோம். அதுங்க அண்ணன் தங்கச்சியா ஆயிடும்!"

தெரு சிரித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சங்கம் தானாக வந்துவிடும் என்று கோதண்டபாணிக்குத் தெரிந்தது. மச்சானை ஏமாற்ற மனசு வரவில்லை.

"தப்பு என்னுதுதான். பங்குதாரர்னு எழுதியிருக்கணும். அடிச்சுட்டு எழுதறேன்."

"காயிதத்துல அடிப்பே," என்றாள் பாஞ்சாலி. "ஜனங்க வாய்ல எப்படி அடிப்பே? சாயந்தரத்துக்குள்ள ஆர்.கே.பேட்டை வரைக்கும் நீங்க பங்காளிங்கதான்."

பரந்தாமனின் முகம் சுருங்கியது.

"சங்கத்துல இன்னா பேரு?"

"அங்கத்தினர்."

"அங்கத்தினர் வூட்ல பொண்ணு குடுக்கலாமா?"

"ஆங், தாராளமா. ஆனா ஒரே ஓட்டுதான் மச்சான். நல்லா யோசிச்சுக்க."

"நாலு ஓட்ட வச்சிகினு, மருமவன் இல்லாம நான் இன்னா பண்றது? சங்கம்னே எழுது."

முதல் நூல் வந்த அன்றே கூட்டம் போட்டார்கள். நாலு தறிக்கு முதலில் வேண்டும் என்றான் பரந்தாமன். ஒற்றைத் தறிகளுக்கு முதலில் என்றாள் பாஞ்சாலி. அவள் பக்கம் ஏழு கை எழுந்தது. அதில் ஒன்று கோதண்டபாணியுடையது.

"சொந்த பாவாவே கவுத்துட்டான்," என்றான் பரந்தாமன். பிறகு பாஞ்சாலியின் நூல் மூட்டையைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு, தெரு முனை வரை அவளைத் திட்டிக்கொண்டே நடந்தான்.