தாழ்ப்பாளைத் தேடும் வேலை

தாழ்ப்பாள் என்ற பெயரில் இணையத்தில் எழுதுபவர் ஆணா பெண்ணா என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற்ற பேராசிரியர் என்றார்கள் சிலர். எங்கோ வெளிநாட்டில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு வம்பு வளர்க்கிற ஆசாமி என்று அடித்துச் சொன்னார்கள் வேறு சிலர். உண்மையில் அது முப்பத்தேழு வயதுப் பெண். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நான்காவது மாடியில், ஜன்னலோர இருக்கைக்காக மூன்று வருடம் காத்திருந்து, அது கிடைத்த பிறகு வெயிலில் கண் கூசுகிறதென்று திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பவள். இந்த விஷயம் அவளுக்கும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் கணவருக்கும் மட்டுமே தெரியும்.

ஆரம்பத்தில் அவள் எழுதியதெல்லாம் சின்னச் சின்ன யோசனைகள்தான். பாஸ்வேர்டை எப்படி வைப்பது, லிங்க்கை அழுத்துமுன் எதைப் பார்ப்பது, பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொல்பவனிடம் எப்படி வாயைக் கொடுக்காமல் இருப்பது. கம்ப்யூட்டர் என்றாலே ஒதுங்கிப் போகிறவர்களுக்கும் புரியும்படி எழுதினாள். ஆறு வருடத்தில் மூன்று லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

வினை, குறைகேள் என்ற ஆப்பில் வந்தது. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மக்கள் புகார் கொடுப்பதற்காக அரசுத் துறை ஒன்று வெளியிட்ட ஆப். அவளும் தெருவில் இருந்த ஒரு பள்ளத்துக்காக அதைத் தன் போனில் போட்டாள். பழக்க தோஷம், அது எதையெல்லாம் வெளியே அனுப்புகிறது என்று பார்த்தாள். பள்ளத்தின் படம் துறைக்குப் போயிற்று. அதோடு அவள் போனில் இருந்த அத்தனை பேருடைய பெயரும் எண்ணும் இன்னோர் இடத்துக்குப் போயின. அந்த இடம் ஆளுங்கட்சியின் தேர்தல் அலுவலகத்துடையது.

இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு எழுதினாள். எதிர்க்கட்சித் தலைவர் அதைச் சட்டசபையில் வரிவிடாமல் வாசித்தார். அமைச்சர் அந்நியச் சதி என்றார். ஒரே வாரத்தில் பாதிப் பேர் ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டில் கணவரும் அவளும் காபியும் கையுமாக உட்கார்ந்து, தொலைக்காட்சியில் நாலு பேர் தாழ்ப்பாளைப் பற்றிக் கத்துவதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மேலாளர் அவளை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே குறைகேளை வெளியிட்ட துறையிலிருந்து வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஐம்பதைக் கடந்த பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதட்டல், மிரட்டல் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை மாதிரி பேசினார்.

"உட்காரும்மா. இந்தத் தாழ்ப்பாள் யாருன்னு கண்டுபிடிக்கணும். அந்தக் கட்டுரையில ஒரு சர்வரைப் 'பின்கட்டு'ன்னு எழுதியிருக்கு. அது நாங்க உள்ளுக்குள்ள சொல்ற பேரு. எங்களுக்கு வேலை செய்யற அஞ்சு கம்பெனிக்காரங்களுக்குத்தான் தெரியும். மொத்தம் இருநூத்திப் பன்னண்டு பேரு."

அவள் கம்பெனியும் அந்த ஐந்தில் ஒன்று. நாக்கு நழுவுவது போல விரல் நழுவியிருக்கிறது.

மேலாளர் பெருமையாகச் சொன்னார்: "நான்தான் உன்னைப் பத்திச் சொன்னேன். காலேஜ் பசங்க கட்டுரையில யாரு யாரைப் பாத்து எழுதியிருக்காங்கன்னு கண்டுபிடிக்க ஒரு ப்ரோக்ராம் பண்ணியே, அதே மாதிரி. இருநூத்திப் பன்னண்டு பேரோட ஆபீஸ் மெயில்களையும் தாழ்ப்பாள் எழுதினதையும் ஒப்பிட்டுப் பாத்தா ஆள் மாட்டிடும்ல?"

முடியாது என்றால் ஏன் என்பார்கள். "பாக்கறேன் சார்" என்றாள்.

அதிகாரி, தான் கொண்டுவந்த லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார். வேலையெல்லாம் அதில்தான் செய்ய வேண்டும் என்றார். நான்கு நாளில் முடித்தாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, அறையில் யாரும் இல்லாதபோது முதல் தடவை ஓட்டினாள். பட்டியலின் உச்சியில் அவள் பெயர் இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தன்னைக் காட்டிக்கொடுத்தது எது என்று தேடினாள். கமாதான். எங்கெல்லாம் மூச்சு விடுகிறாளோ அங்கெல்லாம் கமா போடுகிற பழக்கம். நிறுத்தக்குறிகள் எதையும் கணக்கில் எடுக்காதே என்று ப்ரோக்ராமுக்குச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினாள். அவள் முப்பத்துநாலாவது இடத்துக்கு இறங்கினாள். முதல் இடத்தில் எழுபத்தெட்டோடு வேறொரு பெயர் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர். ஆபீஸே அவரைப் புள்ளி அண்ணன் என்றுதான் கூப்பிடும். எந்த வாக்கியத்தையும் மூன்று புள்ளி வைக்காமல் முடிக்கத் தெரியாத மனுஷர்.

ஆறு வருடமாக அவர் மெயில்களைப் படித்துப் படித்து, அவருடைய 'ஆக'வும் 'ஒரே வரியில சொன்னா'வும் அவளையறியாமல் அவள் எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மூன்று புள்ளிகள் கணக்கில் இருந்திருந்தால் அவர் பட்டியலின் அடியில் எங்கோ கிடந்திருப்பார். தன் கமாவை மறைக்கப் போய் அவர் புள்ளியையும் சேர்த்து மறைத்துவிட்டாள்.

எழுபத்தெட்டு குறைவுதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் நம்ப முடியாது என்று அறிக்கையிலும் கொட்டை எழுத்தில் எழுதினாள். அதிகாரி அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "முதல் பேரு யாரும்மா?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை புள்ளி அண்ணனின் அட்டை வாசல் கதவைத் திறக்க மறுத்தது. போனையும் கம்ப்யூட்டரையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் விசாரித்து வெளியே விட்டபோது அவர் முகம் சோர்ந்து தொங்கிப்போயிருந்தது. நேராக அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, எனக்குக் குட்மார்னிங் மெசேஜுக்குப் பதில் போடவே சோம்பல். நான் போய்ப் பக்கம் பக்கமா எழுதுவேனா?"

"இல்லண்ணே."

"நீ எழுதின ப்ரோக்ராம்தானாமே. அதுல ஏதோ தப்பு இருக்குன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க. திங்கட்கிழமை போலீஸ்ல கொடுக்கப் போறாங்களாம். வீட்டுல இன்னும் சொல்லல."

எங்கே தப்பு என்று காட்ட வேண்டுமானால் நிறுத்தக்குறிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அவள் பெயர் மேலே வரும். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல், "பாக்கறேண்ணே" என்றாள். மேலாளரிடம் சொன்ன அதே வார்த்தை.

சாயங்காலம் கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேலையை விட்டுடேன். ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

"நான் விட்டா புள்ளி அண்ணன் இதுலேருந்து தப்பிச்சுடுவாரா?"

"மாட்டாரு."

"அப்புறம்?"

சனியும் ஞாயிறும் வீட்டுக்குள் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். துணி மடித்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். ஞாயிறு மத்தியானம் கணவர் திடீரென்று, "போய்ச் சொல்லிடு. இன்னொருத்தர் தலையில கட்டிட்டு நாம இங்க நிம்மதியா இருக்க முடியாது" என்றார். அவளும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தாள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மீட்டிங் அறைக்குப் போனாள். அதிகாரி தனியாக இருந்தார். உட்காராமலே சொன்னாள்.

"அவர் இல்லைங்க. நான்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். துளி ஆச்சரியம் இல்லை அந்த முகத்தில்.

"வெள்ளிக்கிழமையே வருவேன்னு நெனச்சேன். மூணு நாள் லேட்டு."

அவளுக்குப் புரியவில்லை.

"அந்த லேப்டாப் எங்களோடதும்மா. நீ தட்டற ஒவ்வொரு எழுத்தும் எங்ககிட்ட வந்துடும். வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தொண்ணூத்தொண்ணு வந்ததும் தெரியும், நீ அதை மாத்தினதும் தெரியும்."

"அப்ப அண்ணனை எதுக்கு..."

"உன்னைக் கூட்டிட்டு வந்து மிரட்டியிருந்தா வக்கீல் வைப்ப, வெளியில சொல்லுவ. நீயா வந்தா பேச்சே வேற. உட்காரு."

அப்போதுதான் உட்கார்ந்தாள்.

விஷயம் சுலபம் என்றார் அதிகாரி. புள்ளி அண்ணன் இன்றைக்கே தன் இருக்கைக்குத் திரும்பிவிடுவார், ப்ரோக்ராமில் பிழை என்று சொல்லிவிடலாம். அவளும் அவள் இடத்திலேயே இருக்கலாம், மேலாளருக்குக்கூடத் தெரிய வேண்டாம். தாழ்ப்பாளும் எழுதிக்கொண்டே இருக்கலாம். ஒன்றே ஒன்று, எழுதியதை வெளியிடுமுன் இங்கே காட்ட வேண்டும். முதல் கட்டுரை, குறைகேள் ஆப்பைச் சரிசெய்துவிட்டார்கள், பயமில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்பது.

"சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிடுவாங்க."

"நான் மாட்டேன்னா?"

அதிகாரி தன் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "அப்ப தாழ்ப்பாள் புள்ளி அண்ணன்தான். நீ சொன்னதை நான் கேக்கவே இல்லை. நம்ம ரெண்டு பேரைத் தவிர இங்க யாரு இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தாள், ஏதோ அது நின்றதும் வேறு வழி ஒன்று தெரிந்துவிடும் என்பது போல.

அன்று மத்தியானம் எழுதினாள். வேண்டுமென்றே விறைப்பாக, அரசு அறிவிப்பு மாதிரி எழுதினாள். படிக்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று உறைக்கட்டும் என்று நினைத்தாள். அதிகாரி நிறுத்தக்குறிகளைத் திரும்பச் சேர்த்து, அதை அவளுடைய ப்ரோக்ராமிலேயே போட்டுப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வந்தது.

"இது உன் எழுத்து மாதிரியே இல்லையே. தொண்ணூறுக்கு மேல வரட்டும்."

நான்காவது தடவை தொண்ணூற்று மூன்று வந்தது. கமாக்கள் சரியான இடங்களில் விழுந்திருந்தன. மூன்றரை மணிக்கு வெளியிட்டாள். அரை மணி நேரத்தில் ஆயிரம் பேர் நன்றி சொன்னார்கள். 'தப்பு இருந்தப்ப தப்புன்னு சொன்னீங்க, சரியானதும் சரின்னு சொல்றீங்க, இதுதான் நேர்மை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் அவள் ஒரு கும்பிடு போட வேண்டியிருந்தது.

நாலு மணிக்குப் புள்ளி அண்ணன் தன் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"தங்கச்சி, உன்னாலதான் தப்பிச்சேன். ப்ரோக்ராம்ல தப்புன்னு நீயே ஒத்துக்கிட்டியாமே. உன் பேரு கெட்டாலும் பரவாயில்லைன்னு எனக்காகச் சொன்னியே. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்றாள். அவர் நன்றியைத் தாங்குவது அவர் கெஞ்சலைத் தாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது கணவர் அவளுக்கு முன்பே வந்திருந்தார். கட்டுரையைப் படித்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நடந்ததை அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு சொன்னார்:

"எங்க கடை முதலாளி அம்மா அந்த ஆப்பை அப்பவே எடுத்துட்டாங்க. இன்னைக்கு என் எதிர்லயே திரும்பப் போட்டாங்க. தாழ்ப்பாளே சொல்லியாச்சு, இனிமே என்ன பயம்னாங்க. மருந்து வாங்க வந்தவங்ககிட்டயும் போடச் சொன்னாங்க. ஏழெட்டுப் பேரு அங்கயே நின்னு போட்டாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்றது? உன் பேரையா சொல்றது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கணவர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். மேஜைமேல் அவள் போன் ஒருமுறை அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தாள். அதிகாரிதான். அடுத்த கட்டுரைக்கான விஷயத்தை அனுப்பியிருந்தார். தேர்தலுக்கு வீட்டிலிருந்தே போனில் ஓட்டுப் போடலாமாம், அது எவ்வளவு பாதுகாப்பானது என்று தாழ்ப்பாள் விளக்க வேண்டுமாம். வியாழக்கிழமைக்குள், அவசரமில்லை என்று கனிவாக எழுதியிருந்தார்.

கணவர் அவள் தோளுக்கு மேலே எட்டி அதைப் படித்தார். அவள் போனைக் கவிழ்த்து வைக்கவில்லை. முழுவதையும் அவர் படித்து முடிக்கட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றாள்.