மைதா படாத சுவரொட்டி

எங்கள் ஊரில் இறந்தவர்கள், அவர்களுடைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி சுவரில் இருக்கும் வரை வீட்டில் இருப்பார்கள். அது உரிந்து விழுந்த அன்று போய்விடுவார்கள். மைதாவைக் காய்ச்சித் தடவி ஒட்டினால் அடுத்த வருஷ மழைக்காலம் வரை தாங்கும். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, சண்டை பாக்கியிருந்தால் அதையும் போட்டு முடித்துக்கொள்வோம். இறந்தவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், சீரியல் பார்ப்பார்கள். வாசற்படியை மட்டும் தாண்ட மாட்டார்கள். சுவரொட்டிக்கு என்ன ஆகிறதோ அது அவர்கள் உடம்பிலும் தெரியும்.

என் மனைவி தங்கபுஷ்பம் ஆடி மாதம் காய்ச்சலில் இறந்தாள். ஊரில் சுவரொட்டி ஒட்டுகிற இசக்கியப்பன், எங்கள் பேக்கரிக்கு எதிரே உள்ள ரயில்வே சுவரில் நல்ல இடமாகப் பார்த்து அவள் படத்தை ஒட்டினார். வீடு பேக்கரிக்கு மாடியில். நான் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது அவள் அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு கல்லு மாதிரி இருக்குங்க," என்றாள். "மைதாவா தடவுனாங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஊரில் யார் மறந்தாலும் நான் மறந்திருக்கக் கூடாது.

கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது, மாவை இழுபட வைப்பதே அதுதான், உங்கள் வீட்டம்மாவுக்கு அது ஆகாது என்று, அவள் உயிரோடு இருந்த காலத்தில் டாக்டர் சொன்னபோது ஊரே சிரித்தது. பேக்கரிக்காரன் பெண்டாட்டி அல்லவா. மைதா, ரவை, சேமியா, மாவு கலந்த கட்டிப் பெருங்காயம் வரைக்கும் தள்ளி வைக்கச் சொன்னார். சோறும் இட்லியும் இருக்கிற ஊரில் என்ன கவலை என்றும் சொன்னார். அவருக்குப் புஷ்பத்தைத் தெரியாது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதே இவர் போடுகிற பன்னுக்காகத்தான் என்று சொந்தபந்தம் முன்னாலேயே சொன்னவள் அவள். பன்னை இரண்டாகப் பிய்த்தால் நடுவில் நூல் நூலாக இழுக்க வேண்டும் அவளுக்கு.

சென்னையிலிருந்து குளூட்டன் இல்லாத ரொட்டி வரவழைத்தேன். சாக்பீஸைக் கடித்ததுபோல் இருந்தது. சரி என்று நானே இறங்கினேன். அரிசி மாவில் போட்ட பன் செங்கல்லாக வந்தது. கேழ்வரகு கேக் தட்டுக்கு வருவதற்குள் உதிர்ந்துவிட்டது. சோள பிஸ்கட்டை அவள் ஸ்பூனால் அள்ளித்தான் சாப்பிட்டாள். ருசியில் குறை இல்லை, கையில்தான் நிற்க மாட்டேன் என்கிறது என்பாள். எல்லாவற்றுக்கும் அதையே சொன்னாள்.

இப்போது சுவரொட்டியை நனைத்து, கிழியாமல், கீழே விழ விடாமல் உரித்து, பின்பக்கத்தைக் கழுவி, அரிசிக் கஞ்சி தடவித் திரும்ப ஒட்டினேன். கழுவிய நேரம் அவள் வீட்டில் இல்லை. ஒட்டிவிட்டு மேலே போனேன், இருந்தாள். வயிறு வற்றியிருந்தது. மறுநாள் வெயிலில் கஞ்சி காய்ந்து வெடித்து, சுவரொட்டியின் இடது மூலை மடங்கிக்கொண்டது. புஷ்பத்தின் இடது கையைக் காணோம். ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஆணி அடித்தால் என்ன என்று கேட்பீர்கள். பக்கத்து மளிகைக்கடைக்காரர் தன் அப்பாவுக்கு அடித்தார், பெரியவருக்கு இருந்த நாளெல்லாம் மண்டையிடி. கடையில் விற்கும் பசையைத் தடவினால் பேச்சு வராது. மாவுப் பசைதான் சரிப்படும். கேழ்வரகு, கம்பு, உளுந்து என்று மாற்றி மாற்றிக் காய்ச்சினேன். மரவள்ளி மாவு நன்றாகப் பிடித்தது. ஆனால் எறும்பு மொய்த்து, புஷ்பம் உட்கார முடியாமல் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு திரிந்தாள். ரொட்டியோடு பட்ட பாட்டையே சுவரோடும் படுகிறேன் என்று புரிந்தது. எதைச் செய்தும் அவளை உதிராமல் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற இசப்கோல் கை கொடுத்தது. அரிசி மாவையும் மரவள்ளி மாவையும் கலந்து, அதைப் போட்டுப் பிசைந்தபோது மாவு இழுபட்டது. பாதியை வெந்நீரில் கரைத்துச் சுவரொட்டிக்குத் தடவினேன். பேக்கரி அடுப்பில் மைதா பட்டுவிடும் என்று, மீதியை உருட்டி, வீட்டுக் குக்கரில் மணல் பரப்பி, பன்னாகச் சுட்டேன். புஷ்பம் அதைப் பிய்த்தாள். நடுவில் நூல் இழுத்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாதியை என்னிடம் கொடுத்தாள். அவள் உயிரோடு இருந்தபோது இதைச் செய்து கொடுக்கவில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அவளே தினமும் பிசைந்து சுட்டாள். ஆவணியும் புரட்டாசியும் நல்லபடியாகப் போயின.

ஐப்பசி பிறந்தது. இசப்கோல் தண்ணீரைக் கண்டால் ஊதும். முதல் மழையிலேயே சுவரொட்டி வழுக்கி ஒரு சாண் இறங்கியது. கீழே பேக்கரி சீலிங்கில் புஷ்பத்தின் பாதங்கள் தெரிந்தன. மேலே ஓடினேன். அவள் கணுக்காலுக்கு மேல் தரைக்குள் இறங்கி நின்றபடி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"மைதாவையே தடவச் சொல்லுங்க," என்றாள். "வலிச்சா வலிக்கட்டும். இருப்பேன்லா."

அவள் வலியைப் பொறுத்துக்கொள்ளும் விதம் எனக்குத் தெரியும். சத்தமே வராது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மைதா வேண்டாம் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினேன். சுவரொட்டியை மேலே தள்ளி, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சையும் வைத்து அழுத்தி நின்றுகொண்டேன். சீலிங்கிலிருந்து பாதங்கள் மேலே போய்விட்டன என்று பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குரல் கொடுத்தார்கள். கையை எடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

மழை விட்டதும் இசக்கியப்பன் பசை வாளியோடும் சுருட்டிய தாளோடும் வந்தார். சுவரில் வேறு இடம் இல்லை. என் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு மைதா ஒத்துக்கிடும்லா?"

"ஒத்துக்கிடும்," என்றேன்.

குதிகாலில் தொடங்கித் தோள் வரைக்கும் தடவினார். பசை இளஞ்சூடாக இருந்தது. என்னை ஓரங்களில் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டார். உள்ளங்கைக்கும் நெஞ்சுக்கும் அடியில் இருந்த புஷ்பத்தின் மேல் மட்டும் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொண்டார். காய்ந்துவிட்டால் அடுத்த வருஷ மழைக்காலம் வரை கவலை இல்லை. என்னால் இனிமேல் திரும்பிப் பார்க்க முடியாது. மாடியிலிருந்து பன் வேகும் வாசம் வந்தது. எனக்கும் சேர்த்துத்தான் போட்டிருப்பாள். படி தாண்டி வந்து கொடுக்க அவளால் முடியாது.

இசக்கியப்பன் என் முதுகில் தாளை விரித்து நீவினார். யாருக்கு என்று கேட்டேன். பால்பண்ணைச் சின்னத்துரை, மதியம்தான் இறந்தாராம்.

"அசையாதீங்க, அண்ணாச்சி," என்றார். "அவரு இப்பதான் வீட்டுப் படி ஏறிக்கிட்டிருப்பாரு."

நான் மூச்சை மெதுவாக விட்டேன்.