டிரம்முக்குள் ஓடிய மோட்டார்

வாசலோரம் கிடந்த ஈரச் சாக்குகளில் ஒன்றை ஏட்டு லத்தியின் நுனியால் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் சொட்டியது. ஷட்டர் தரையைத் தொடும் இடம் முழுக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், சாக்குகள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன. மேலே காற்றுக்கென்று விட்டிருந்த ஓட்டையிலும் அட்டை செருகியிருந்தது.

"இதெல்லாம் யார் வெச்சது?"

வினிதா ஷட்டருக்கு வெளியே நின்றிருந்தாள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள் இன்னும் யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. ஷட்டரைத் தூக்கியவள் அவள்தான். தூக்கியதும் முகத்தில் அடித்த மண்ணெண்ணெய்ப் புகையில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீல டிரம் தெரிந்தது. அதன் விளிம்பில் மாட்டியிருந்த போட் மோட்டார் தெரிந்தது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா தெரிந்தார். ஸ்பேனர் மடியில் கிடந்தது. வெயிலில் அலைந்துவிட்டு வந்தவரைப் போல முகம் சிவந்திருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து, உள்ளே போய்ப் படுக்கச் சொல்லித் தோளைத் தொட்டாள்.

"உள்ள இருந்துதான் அடைச்சிருக்கு" என்று ஏட்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வினிதாவைப் பார்த்தார். "வீட்ல ஏதாச்சும் சண்டையாம்மா?"

பதில் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. அம்மா ஜெயமணி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை.

"ஆமா சார். செத்துத் தொலைய வேண்டியதுதானன்னு நாந்தான் சொன்னேன்."

ஏட்டு பேனாவைத் திறந்தார்.

அந்த மோட்டார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அம்மாவுக்கும் அதற்கும் ஆகவில்லை. அப்பா பெரியதம்பி வேலை பார்த்த கம்பெனி முதலில் லே-ஆஃப் என்றது, பிறகு கேட்டையே இழுத்துப் பூட்டிவிட்டது. செக்யூரிட்டி வேலைக்குப் போங்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்க, அவர் பாகலூர் ரோட்டில் இருந்த கரீமின் பழைய இரும்புக் கடையில் போய் நின்றார். மங்களூர்ப் பக்கமிருந்து வந்த லோடில் உடைந்த பம்புசெட்டுகளுக்கு நடுவே அந்த மோட்டார் தலைகீழாகக் கிடந்தது. மூடி இல்லை, காற்றாடியில் ஓர் இலை கடித்துத் துப்பியதுபோல இருந்தது.

கடலே இல்லாத ஊரில் இதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று கரீம் கேலி செய்தாராம். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்து, உள்ளே பிஸ்டன் இறுகிப்போய்விடவில்லை என்று பார்த்துக்கொண்டார். அடிப்பக்க ஆணியைக் கழற்றி கியர் ஆயிலை விரலில் தொட்டார். பால் மாதிரி வெளுத்திருந்தது, தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். பிறகு தண்ணீர் ஓடும் வழியைச் சுரண்டி நாக்கில் வைத்து, ஓட்டியவன் ஒரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவவில்லை, உப்பு கட்டிக் கிடக்கிறது என்று விலையைக் குறைத்தார். தொண்டிப் பக்கம் பிறந்து, இருபது வயது வரைக்கும் கடலுக்குப் போனவர் அவர். கெலவரப்பள்ளி டேமில் மீன் காண்ட்ராக்ட் எடுத்தவரிடம் ஒரு பைபர் போட்டைப் பேசி வைத்திருந்தார். துடுப்பு போட்டுப் போகிறவர்கள் கரையோரத்திலேயே சுற்ற, இவர் நடுத்தண்ணீர் வரைக்கும் வலை விடுவார். அதுதான் கணக்கு.

கணக்குப்படி எதுவும் நடக்கவில்லை. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் இருமிவிட்டு நின்றது. அதைச் சரி செய்தால் பிளக் கரி பிடித்தது. பிளக்கை மாற்றினால் டேமில் மிதந்த நுரையும் பிளாஸ்டிக் கவரும் தண்ணீர் உறிஞ்சும் வழியை அடைத்து, நடு டேமில் மோட்டார் கொதித்துப் போயிற்று. கையால் தள்ளிக் கரை சேர்ந்தார். ரேஷன் மண்ணெண்ணெய் அடுப்புக்கு இல்லாமல் மோட்டாருக்குப் போனது. அம்மா விறகு வைத்தாள்.

போட்டிலிருந்து இறக்கியதும் மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும் என்பது கடற்கரைப் பழக்கம். டேமில் உப்பு இல்லை என்று யார் சொன்னாலும் அப்பா கேட்கமாட்டார். கம்பெனியில் வாங்கிய நீல டிரம்மின் மேல்பாகத்தை அறுத்து, மோட்டாரை மாட்டப் பலகை வைத்து முடுக்கி, தண்ணீர் நிரப்பி, தெருவைப் பார்த்த ஷட்டர் ரூமில் நிறுத்தியிருந்தார். கிளப்பினால் தெருவே அதிரும். மோட்டாரின் பின்பக்கத்துச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்க்க வினிதாவைக் கூப்பிடுவார்.

"ஆத்தா, ஒன்னுக்குப் போறானா பாரு."

"போறான்ப்பா. சொட்டுச் சொட்டாப் போறான்."

"கெழவன்ல. அப்புடித்தான் போவான்."

அந்த ஒரு நேரத்தில்தான் வீட்டில் சிரிப்பு இருந்தது. அம்மா அதிலும் சேரமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலேயே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா சாந்தம்மா வாசலுக்கே வந்து சத்தம் போட்டாள். மருமகள் பிரசவித்துக் குழந்தையோடு வந்திருக்கிறாள், பச்சைப்பிள்ளை தூங்க வேண்டாமா, இது வீடா மெக்கானிக் ஷாப்பா என்று தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தாள். அப்பா ஒன்றும் எதிர்த்துப் பேசாமல் ஷட்டரைப் பாதி இறக்கினார். அதை வினிதா கண்ணால் பார்த்தாள்.

நேற்று ராத்திரி நடந்ததை அவள் பார்க்கவில்லை. மத்தியானம் அப்பா புது இம்பெல்லர் வாங்கி வந்தார். தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும் சின்ன ரப்பர் சக்கரம். அதை வாங்கி வந்ததற்குத்தான் சண்டை, ராத்திரி வரைக்கும் ஓயவில்லை. அம்மா அந்த வார்த்தையைச் சொன்னபோது வினிதா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா இம்பெல்லரை எடுத்துக்கொண்டு ஷட்டர் ரூமுக்குப் போனார். பஸ் ஹாரன் அடித்தது, அவள் போய்விட்டாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள், மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டும் எழுந்து வரவில்லை.

"சத்தம் வருதுன்னு வீட்டுக்காரம்மா திட்டுவாங்க சார்" என்று வினிதா ஏட்டிடம் சொன்னாள். "அதுக்குத்தான் எங்கப்பா அடைச்சிருப்பாரு. வேற எதுக்கும் இல்ல."

ஏட்டு சாந்தம்மாவைக் கூப்பிட்டார். குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தவள் ஏட்டையும் பார்க்கவில்லை, வினிதாவையும் பார்க்கவில்லை.

"நான் ஒன்னும் சொல்லலீங்க சார். எனக்கு ஒன்னும் தெரியாது. நான் சீக்கிரமே படுத்துட்டேன்."

"ஞாயித்துக்கெழமை சொன்னீங்கல்லம்மா" என்றாள் வினிதா.

"அது ஞாயித்துக்கெழம."

சாந்தம்மா திரும்பி நடந்தாள். அம்மா சொன்னதையே ஏட்டு எழுதிக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே வேப்பமர நிழலில் காத்திருந்தபோது கரீம் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை வினிதாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அம்மாவின் பக்கத்தில் தரையில் வைத்தார். அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று வினிதா சொன்னாள்.

தான் விற்ற சாமான் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாதவராக, கரீம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வினிதா பார்த்ததைச் சொல்லக் கேட்டு, முகம் அப்படிச் சிவந்திருந்தால் அது புகைதான் என்றார். மூடின ஷெட்டில் ஜெனரேட்டர் ஓட்டி இரண்டு பேர் இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறார். முதலில் தலை கனக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

"அண்ணனுக்கு அது தெரிஞ்சிருக்காதும்மா. கடக்கரையில வெட்டவெளியில ஓட்டுன ஆளு. பொக வரும், காத்துல போயிரும். அது போகாம நிக்கும்னு அவரு எங்க பாத்தாரு?"

வினிதா அம்மாவைப் பார்த்தாள். கேட்டது போலவே இல்லை. டீயின் மேல் ஆடை படிந்தது.

போஸ்ட்மார்ட்டம் முடிய நேரமாகும் என்றார்கள். வினிதா கரீமை அம்மாவுக்குத் துணையாக விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். சாந்தம்மா பின்கட்டில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். வினிதா துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் போய் நின்றாள். யாரிடமும் வலியப் போய்ப் பேசிப் பழக்கமில்லாதவள். வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள் எதுவும் இப்போது இல்லை.

"நேத்தும் நீங்க சத்தம் போட்டீங்களா?"

சாந்தம்மா துணியைப் பிழிந்தாள்.

"போலீஸ்கிட்ட சொல்ல வேணாம். எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. தான் சொன்னதாலதான் அப்பா செத்தாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குறாங்க."

"நான் என்னத்த சொல்றது பாப்பா? எம் பையன் கம்பெனிக்குப் போறான். கேசு கீசுன்னு வந்தா அவன் பேரு வரும். வீடு எங்க மாமனார் பேர்ல இருக்குது." அவள் அடுத்த துணியை எடுத்தாள். "செத்தவன் வந்துடப் போறானா? போ. போய் உங்கம்மாவப் பாரு."

வினிதா போகவில்லை. சாந்தம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. நேற்று சாந்தம்மா சத்தம் போட்டாளா, போடவில்லையா என்பது இப்போது வினிதாவுக்கே தெரியவில்லை. ஒருவேளை நேற்று யாருமே சத்தம் போடாமல் இருந்திருந்தால், சாக்குகளை அப்பா எதற்காக நனைத்து அடைத்தார் என்று யோசித்தாள். யோசித்த உடனே தன் மேலேயே வெறுப்பு வந்தது. அப்பா பிரித்துப் போட்டிருந்த பழைய இம்பெல்லர், பற்கள் தேய்ந்து, ஷட்டர் ரூம் வாசலில் கிடந்தது. யாரோ மிதித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சாயங்காலத்துக்கு முன்பே எல்லாம் முடிந்தது. தொண்டியிலிருந்து சித்தப்பா பஸ் ஏறியிருந்தார், ஆனால் அறுத்துத் தைத்த உடம்பை வைத்துக் காத்திருக்க முடியாது என்றார்கள். அப்பாவோடு கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரின் மகன் மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளிச்சட்டி தூக்கினான். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். அம்மா அப்போதும் அழவில்லை. இப்படி நெஞ்சடைத்து உட்கார்ந்தால் அடுத்தது இவள்தான் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது வினிதாவின் காதில் விழுந்தது. ஏட்டு எழுதிய காகிதத்தில் குடும்பத் தகராறு என்று இருப்பதைச் சுடுகாட்டிலிருந்து திரும்பிய கரீம் தாழ்ந்த குரலில் சொன்னார். பேசிப் பார்த்தாராம். பெண்டாட்டியே சொன்ன பிறகு நான் என்ன செய்ய என்றாராம் ஏட்டு.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அன்றைக்குச் சோறு பக்கத்து வீட்டிலிருந்துதான் வர வேண்டும். இருட்டுகிற நேரத்தில் சாந்தம்மா ஒரு குண்டானில் சோறும் தூக்குவாளியில் ரசமும் கொண்டு வந்தாள். மற்றவர்கள் கலைந்து போயிருந்தார்கள். சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் வினிதா நினைத்தாள். சாந்தம்மா நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினாள்.

"தின்னு ஜெயமணி."

அம்மா தட்டைப் பார்த்தாள்.

"ஒரு வாய் தின்னு. புள்ள மூஞ்சியப் பாரு."

சாந்தம்மா தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். தள்ளிய கையை எடுக்காமல் தட்டின் விளிம்பிலேயே வைத்திருந்தாள்.

"நாந்தான் மூடச் சொன்னேன்" என்றாள்.

வினிதா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நேத்து ராத்திரி பையன் ஷிப்ட்ல இருந்து வரல. நான்தான் வந்து ஷட்டரத் தட்டினேன். கொழந்த தூங்க மாட்டேங்குது, நிறுத்துறியா, இல்ல காலையில சாமான வெளிய தூக்கிப் போடட்டுமான்னேன். சாக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன். எங்க மாட்டுக் கொட்டாய்ல இருந்தது. நனச்சுப் போட்டா சத்தம் வெளிய வராதுன்னு நான்தான் சொன்னேன்."

அம்மா தலையைத் தூக்கினாள். நாள் முழுக்க யாரையும் பார்க்காத கண்கள் சாந்தம்மாவின் முகத்தில் நின்றன. வினிதா பயந்தாள். அம்மா கத்துவாள், அடிப்பாள், என்ன செய்வாள் என்று தெரியவில்லை.

"அவரு என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள். குரல் கரகரத்து, வேறு யாருடையதோ போல இருந்தது.

"என்ன சொன்னாரு... கோவமெல்லாம் படல. கொஞ்ச நேரம் பொறுத்துக்கக்கா, இப்பத்தான் நல்லா தண்ணி துப்புது, காலையில டேமுக்குப் போவணும்னாரு."

"காலையிலயா?"

"ஆமா. மீன் கெடச்சா கொழம்புக்குக் கொண்டாந்து தரேன்னாரு. எனக்கு வேணாம், நாத்தம் புடிச்ச தண்ணி மீனுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." சாந்தம்மா தட்டின் விளிம்பை விரலால் தேய்த்தாள். "சத்தம் ரொம்ப நேரம் லேசாக் கேட்டுக்கிட்டே இருந்தது. அப்பறம் நின்னுது. அப்பாடான்னு திரும்பிப் படுத்தேன்."

பக்கத்து வீட்டில் மருமகள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அம்மா தட்டைப் பார்த்துக் குனிந்தாள். ரொம்ப நேரம் கழித்து வலது கை நகர்ந்து சோற்றைத் தொட்டது. பிசைந்தாள். முதல் உருண்டை வாய்க்குப் போகும் வழியிலேயே உதிர்ந்து தரையில் விழுந்தது. இரண்டாவதும் பாதி விழுந்தது, பாதி உள்ளே போனது. அதை மென்றுகொண்டே இருந்தாள், விழுங்கவில்லை. கண்ணிலிருந்து வந்தது தாடை வழியாக இறங்கித் தட்டில் சொட்டியது.

சாந்தம்மா குனிந்து, தரையில் சிந்தியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகு, அவற்றை எங்கே போடுவதென்று தெரியாமல், கையை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.