டிவியில் வந்தவளின் பக்கத்து வீடு

எனக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று மாதமாக நாடே என்னைத் தையல்காரி என்று நம்பிக்கொண்டிருந்தது. நான் ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை பெல்ட்டில் வரும் ரொட்டிகளை உறைக்குள் தள்ளி வாயைக் கட்டுவது என் வேலை. என் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தைக்கத் தெரிந்தவள் பக்கத்து வீட்டு அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பதினாலு வருஷமாக அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய தையல் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பேன். பள்ளிக்கூடச் சீருடை, பேண்ட்டுக்கு ஜிப், ஜன்னல் திரை, எது கொடுத்தாலும் தைப்பாள். மெஷின் அவள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. சக்கரத்தின் கைப்பிடி உடைந்து, அந்த இடத்தில் நீலத் துணி சுற்றியிருக்கும்.

ஆற்று வெள்ளம் தெருவுக்குள் புகுந்த அன்று காலையில் அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அவரைப் படகு இல்லாமல் நகர்த்த முடியாது. எல்லோருமாக அவரைக் கட்டிலோடு மேசைமேல் ஏற்றியபின், அக்கா மெஷினின் மேல்பாகத்தை மட்டும் ஸ்டாண்டிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"நான் இவரை விட்டுட்டு வர முடியாது. இதை மட்டும் மேட்டுல வெச்சிடு. இது போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் போன மாதிரிதான்."

நான் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்தேன். வெறும் இரும்பு. கழுத்து உள்ளே போய்விடும் போல இருந்தது. மேட்டில் கால் வைத்ததும் முதலில் பார்த்தது ஒரு கேமராவை. நிருபர் பெண் ஒருத்தி மைக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வேற எதையுமே எடுக்காம உங்க மெஷினை மட்டும் எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

எனக்குப் பல் தந்தி அடித்தது. இல்லை என்று சொன்னால் யாருடையது, ஏன் நீங்கள் தூக்கினீர்கள் என்று அடுத்தடுத்து கேட்பாள். தலையை ஆட்டி வைத்தேன். அவ்வளவுதான். இரண்டு நொடிகூட இருக்காது.

சாயந்திரம் முகாமில் டிவியைப் போட்டால் நான்தான். 'வாழ்க்கையைத் தலையில் சுமந்தவள்' என்று கீழே ஓடியது. அதற்குள் அக்காவையும் மாமாவையும் படகில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அக்கா பார்த்துவிட்டு முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமாடி?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த நிருபரிடம் நிறுத்தியிருக்க வேண்டும். புத்தி வரவில்லை.

நான்காம் நாள் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க அக்கா போயிருந்தாள். நிருபர் பெண் காரில் வந்தாள். நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு அந்த மெஷினை ஸ்டுடியோவில் வைக்கப் போகிறார்களாம், மூன்று நாளில் திருப்பித் தந்துவிடுவார்களாம். "ஜனங்க அதைப் பார்த்தாலே குடுக்கறாங்க. உங்க தெரு முழுக்கவே நல்லா இருக்கும்" என்றாள். பக்கத்தில் நின்ற தெருச் சங்கச் செயலாளர் என் முழங்கையைக் கிள்ளினார். என் மெஷின் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்தவள் பொருளை என் கையால் தூக்கிக் கொடுத்தேன்.

அக்கா திரும்பி வந்து, மெஷின் இருந்த மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து என்னிடம் அவள் பேசவில்லை.

மூன்று நாள் மூன்று மாதம் ஆனது. நாங்கள் வீடு திரும்பினோம். எனக்கு வந்து குவிந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பதினோரு தையல் மெஷின். கத்தரிக்கோல் மட்டும் ஒரு கூடை. துணி மூட்டை மூட்டையாக. ஒரு குழந்தை தன் பொம்மையின் கிழிந்த கவுனை அனுப்பி, தைத்துத் திருப்பி அனுப்பும்படி கடிதம் வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் மெஷின்களுக்கு நடுவே பாய் விரிக்க இடம் தேடி, "நான் ஒரு ஊசியா இருந்திருந்தா எனக்கும் ஒரு இடம் குடுத்திருப்பே" என்றார்.

தெருவுக்கே மெத்தை வந்தது, அடுப்பு வந்தது, கூரைக்குத் தகரம் வந்தது. ஆனால் எங்களுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வெள்ளத்தன்று தண்ணீர் இன்னும் ஆழம். அங்கே மூன்று சுவர் விழுந்தது. சந்து குறுகல், கேமரா வண்டி நுழையவில்லை. அதனால் அந்தத் தெரு எதிலும் வரவில்லை, அதற்கு எதுவும் வரவில்லை. பொட்டலங்கள் எல்லாம் 'தையல் அக்காவுக்கு மட்டும்' என்று எழுதியல்லவா வந்தன. எனக்கு எரிச்சல் தாங்காமல் பத்து மெஷின்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பின்தெருவில் தைக்கத் தெரிந்தவர்கள் வீட்டு வாசலில் இறக்கினேன். பதினோராவதை, இருப்பதிலேயே நல்லதை, அக்கா வீட்டுக்குத் தூக்கிப் போனேன். அவள் கதவருகே நின்று அதைப் பார்த்தாள். தொடவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மாமாதான் கட்டிலிலிருந்து சொன்னார். "அவளுக்கு மெஷின் இல்லாதது கஷ்டம்தான். ஆனா கோவம் அதுக்கு இல்லம்மா. அவ வாழ்நாள் பூரா தெச்சவ. ஒரு நாள் டிவில தையல்காரின்னு சொன்னாங்க, அது அவ இல்ல."

நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் கம்பெனிக் கோட்டின் பை கிழிந்து தொங்கியது. வேறு நாளாக இருந்தால் சுவரைத் தட்டினால் போதும். ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அப்போதுதான் நிருபர் பெண் போன் செய்தாள். சனிக்கிழமை நாலு மணிக்கு நேரலை. தையல் அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று காட்டப் போகிறார்களாம். நான் உட்கார்ந்து ஒரு சட்டை தைக்க வேண்டுமாம்.

"பழைய மெஷின் வந்தா உக்கார்றேன். வரலைன்னா கதவையே திறக்க மாட்டேன்" என்றேன். அந்தத் தைரியத்தில் பாதி முன்பே இருந்திருக்கலாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லும் எண்ணம் அப்போது இல்லை. எப்படியாவது மெஷினை வரவழைப்பது, கொஞ்ச நேரம் நடிப்பது, பிறகு அக்கா வீட்டில் வைத்துவிட்டு வருவது, இதுதான் திட்டம். உண்மை தெரிந்தால் ஏமாற்றிவிட்டாள் என்று ஜனங்கள் கையை இழுத்துக்கொள்வார்கள், தெரு என்னைச் சும்மா விடாது என்று செயலாளர் வேறு பயமுறுத்தியிருந்தார்.

சனிக்கிழமை வந்தார்கள். மெஷினைப் பளபளவென்று துடைத்து, புது ஸ்டாண்டில் பொருத்திக் கொண்டுவந்தார்கள். நீலத் துணி மட்டும் அப்படியே இருந்தது. என் முன்னறையில் வைத்து விளக்குப் போட்டார்கள். தெருவே வாசலில் கூடியது. எல்லோருக்கும் பின்னால் அக்கா நின்றாள். என்னைப் பார்க்க வரவில்லை, மெஷினைப் பார்க்க வந்திருந்தாள்.

நிருபர் காதில் இருந்த கருவியைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் துணியை வைத்து மிதியை மிதித்தேன். சக்கரம் எதிர்ப்பக்கமாக ஓடியது. உள்ளே என்னவோ கடகடவென்றது. இன்னும் அழுத்தி மிதித்தேன்.

"பின்பக்கமா சுத்தாதடி, நூல் அறுந்துடும்."

மூன்று மாதத்தில் அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவளை அறியாமல் வந்துவிட்டது. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து கேமராவைப் பார்த்துப் பேசினேன்.

"இது என் மெஷின் இல்ல. எனக்குத் தைக்கத் தெரியாது. இது இந்த அக்காவோடது. படுத்திருக்கற புருஷனை விட்டுட்டு வர முடியாம என்கிட்ட குடுத்தாங்க. நான் தூக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான். கேட்டப்போ என்னுதுன்னு தலையாட்டினது என் தப்பு. அவங்களைக் கேக்காம உங்ககிட்ட குடுத்ததும் என் தப்பு. அக்கா, வந்து உக்காருங்க."

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. அக்கா மெதுவாக வந்தாள். உட்காருவதற்கு முன் நீலத் துணியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

நிருபர் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. காதுக் கருவியை விரலால் அழுத்திக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எங்கேயோ பூகம்பமாம். பெரிசாம். நீங்க தைக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நேரலையை இங்கிருந்து அங்க மாத்திட்டாங்க." சிவப்பு விளக்கு எப்போது அணைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. "மன்னிச்சுக்கங்க, நாங்க உடனே கிளம்பணும். நீங்க ஏதோ சொன்னீங்களே, என்ன அது?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

"மெஷின் இங்கயே இருக்கட்டுமா? இனிமே எங்களுக்குத் தேவைப்படாது."

ஐந்து நிமிஷத்தில் விளக்கு, கம்பி, வண்டி எல்லாம் போய்விட்டது. கூட்டமும் கலைந்தது. என் மூன்று மாதத்து நெஞ்சுச் சுமையை இறக்கினேன், நாட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அறுந்த நூலை எடுத்துவிட்டு, புது நூல் கோத்தாள். பார்க்காமலே கோத்தாள்.

"அந்தக் கோட்டைக் கழட்டிக் குடு" என்றாள். "எத்தனை நாளா ஊக்கு குத்திட்டுத் திரியற?"

பை தைத்து முடிகிறவரை நான் பக்கத்தில் நின்று அழுதேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் தைத்தாள். அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம், என் வீட்டுக்குள்ளேயே எழுந்தது அன்றுதான் முதல் தடவை. பிறகு இரண்டு பேருமாக மெஷினைப் பிடித்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் மதியம் மாமாவோடு உட்கார்ந்து டிவி பார்த்தோம். இடிந்த சுவர்களுக்கு முன்னால் ஒரு கிழவர் பறவைக் கூண்டு ஒன்றை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அதே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

"பாவம், எல்லாத்தையும் விட்டுட்டு தன் கூண்டை மட்டும் எடுத்துட்டு வந்திருக்காரு" என்றார் மாமா.

"அது அவரு கூண்டுன்னு யாரு சொன்னா?" என்றாள் அக்கா.

மூவரும் சிரித்துவிட்டோம். மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் அக்கா எழுந்து என் வீட்டுக்குப் போய், மிச்சம் கிடந்த துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்தாள். ஒரு வாரம் தைத்தாள். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துப் போர்வைகள். பொம்மையின் கவுனையும் தைத்து அந்தக் குழந்தைக்கு அனுப்பினாள். நான் வேலை முடிந்து வந்து போர்வைகளை மடித்து, உறையில் தள்ளி, வாயைக் கட்டினேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

எங்கள் தெருவிலும் எல்லோரும் பூகம்பம் வந்த ஊருக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் நிவாரணப் பொருள் சேகரிக்கிற இடத்தில் பார்த்தேன்: பறவைத் தீனியாகக் குவிந்திருந்தது. புதுக் கூண்டுகள்கூட நாலு இருந்தன. எல்லாவற்றிலும் 'கூண்டுத் தாத்தாவுக்கு' என்று எழுதியிருந்தது.

எங்கள் மூட்டைமேல் ஒட்டுகிற தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "யாருக்குன்னு எழுதட்டும்?" என்று அக்காவைக் கேட்டேன்.

அக்கா கடைசிப் போர்வையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கூண்டுத் தாத்தாவோட பக்கத்து வீட்டுக்குன்னு எழுது."