வெட்டி எடுத்த மூன்று தாள்கள்

இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குச் சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தர் வேலை. உறுப்பினர்கள் பேசுவது, திட்டுவது, இருமுவது எதுவுமே அவள் பென்சிலுக்குத் தப்பாது. "வீட்ல நான் வாயத் திறக்கறதே இல்ல. பின்னால தேதி போட்டு வாசிச்சுக் காட்டுவா" என்று அவள் கணவன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அன்று, உறுப்பினர்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் நெறிமுறைக் குழு கூடியிருந்தது. ஏழு உறுப்பினர்கள், நடுவில் தலைவர். திறந்து ஒரு வருஷம்கூட ஆகாமல் விரிசல் விட்ட பாலத்தின் ஒப்பந்தத்தை, சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தன் மருமகனின் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார் என்பது புகார். சாட்சி சொல்ல வந்தவர் அந்தப் பாலத்துக்குத் தரச் சான்று கொடுத்த இன்ஜினியர். ஒல்லியான மனிதர். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"தூண் சரியில்ல, கையெழுத்துப் போட மாட்டேன்னேன். அந்த உறுப்பினர் கத்தினார். அதுக்கு நான் பயப்படல. பக்கத்துல சோபால இன்னொருத்தர் உக்காந்திருந்தார். 'போடுப்பா, நான் இருக்கேன்ல'ன்னு அன்பாச் சொன்னார். அந்த அன்புக்குப் பயந்துதான் போட்டேன்."

"யாரு அது?" என்று ஓர் உறுப்பினர் யோசிக்காமல் கேட்டுவிட்டார்.

இன்ஜினியர் டம்ளரைக் கீழே வைத்தார். "இந்தக் குழுவோட தலைவர்தான்."

எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைவர் மட்டும் நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது குறிப்புல ஏற வேண்டாம்மா" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு வரியை நீக்கக் குழு வாக்கெடுக்க வேண்டும், தலைவர் ஒருவர் சொன்னால் போதாது என்பது விதி. யாரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை. அவள் பென்சிலும் நிற்கவில்லை.

சாயங்காலம் நோட்டை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டும்போது தலைவரின் உதவியாளன் வந்து நின்றான். எப்போதும் சிரித்த முகம்.

"டீ குடிச்சீங்களா அக்கா? பொண்ணு எட்டாவதுல்ல? ஸ்கூல் பஸ்ஸ நாலு இருபதுக்கு மருந்துக்கடை முன்னால நிறுத்தறான். தனியாத்தான் ரோட்டத் தாண்டுது பாவம். பாத்துக்கோங்க."

அவள் தன் மகளைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் காலை டிராயர் பூட்டியபடியே இருந்தது. உள்ளே நோட்டும் இருந்தது. ஆனால் அந்தச் சாட்சியம் எழுதிய மூன்று தாள்கள் இல்லை. பிளேடால் நறுவிசாக வெட்டியிருந்தார்கள். சாட்சியத்தை மறுபடி எழுதிக் கையெழுத்து வாங்கலாமென்று இன்ஜினியரைப் போனில் அழைத்தாள். போன் அணைந்திருந்தது.

அவள் முதலில் கணவனைக் கூப்பிட்டாள். "இன்னிக்கே பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து நேரா உங்க தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"ஏன்?" என்றவன், பதிலுக்குக் காத்திராமல் "சரி" என்றான். கேலி எதுவும் பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து, காதில் நின்ற குரலைக் கேட்டுக் கேட்டு முழுவதையும் தட்டச்சு செய்தாள். கீழே கையெழுத்திட்டு, குழு உறுப்பினர் ஏழு பேரின் தபால் பெட்டியிலும் தன் கையாலேயே போட்டாள்.

குழு மறுபடி கூடியபோது தலைவர் கனிவாகக் கேட்டார். "இந்த வரி உங்க நோட்ல எங்கம்மா இருக்கு?"

அவள் நோட்டைப் பிரித்து வெட்டிய விளிம்பைக் காட்டினாள். "இருந்துச்சு ஐயா. வெட்டிட்டாங்க."

"யாரு?"

அன்று கேள்வி கேட்ட உறுப்பினரைப் பார்த்தாள். அவர் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். இல்லாத சாட்சியத்தை உருவாக்கியதாகச் சொல்லி ஒரு மணி நேரத்தில் அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் அவள் வீட்டுக் கதவைத் தட்டியது இன்ஜினியரின் மனைவி.

"சாட்சி சொல்லப் போனவர் வீட்டுக்கு வரல. வந்துடுவார், காத்திருங்கன்னு போலீஸ்ல சொல்றாங்க. அவர் அங்க என்னதான் சொன்னார்? எனக்கு அது தெரியணும்."

உள்ளே உட்காரவைத்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை. "இதக் கோர்ட்ல வந்து சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அதே உதவியாளன்.

"அக்கா, வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க போல. காபி குடுத்தீங்களா?"

ஜன்னலுக்குப் போனாள். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. எதிர்ச் சுவரில் ஏணி சாத்தி ஒரு பெயிண்டர் நின்றிருந்தான். சுவரைப் பார்க்காமல் அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தூரிகை காய்ந்திருந்தது.

அவள் போனைத் துண்டிக்கவில்லை. மேஜைமேல் வைத்து, அந்தப் பெண்ணைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "சொல்றேன். வாங்க, இப்பவே ஒரு வக்கீலப் பாத்துட்டு வந்துடலாம்."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். அவர்கள் தெருவில் கால் வைத்ததும் பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கத் தொடங்கினான்.