நாளை மூன்று மணி வரை

என் தம்பி எபினேசர் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை. போன மாதம் அவன் பிக்கப் வண்டிக்கு, ஜன்னல் கண்ணாடிக்கு மேலே சாரலைத் தடுக்கிற பிளாஸ்டிக் ரெயின் வைசர் ஒட்டிக் கொடுத்து, பசை பிடிக்க ஒரு நாள் ஆகும், அதுவரை கண்ணாடியை இறக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். கடையைத் தாண்டியதும் இறக்கினான். கவரைப்பேட்டை போவதற்குள் இரண்டு வைசரும் பறந்து போயின. புதுவாயலில் பத்து வருடமாகக் கார் ஆக்சஸரீஸ் கடை நடத்துகிறேன். ஏஞ்சலின் அக்கா ஒட்டியது விழுந்தது என்று ஊர் சிரித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

செவ்வாய்க்கிழமை மதியம், மழையில் மறுபடி வந்து நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன. இருமிக்கொண்டே இறங்கினான். பின்னால் லோடு, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

“இன்னாடா, பட்டப்பகல்லயே ஊத்திக்கினு வந்துட்டியா?”

“அய்ய, நீ வேற. மழையில கண்ணாடிய ஏத்துனா மூச்சு முட்டுதுக்கா. எறக்குனா மேலெல்லாம் நனையுது. வைசர் இருந்தா ரெண்டு விரல் தொறந்து வச்சிக்கினு போவேன்.”

“லோடு இன்னா?”

“ஏதோ கம்பெனி கழிவு. உனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?”

சீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடியின் ரப்பர் பிய்ந்து தொங்கியது. அந்த இடுக்கு வழியாக, அழுகிய வெங்காயம் மாதிரி ஒரு வாடை கேபினுக்குள் வந்துகொண்டிருந்தது. முதலில் இதை மாற்றுடா என்று திட்டினேன். இந்த நடை முடியட்டும் என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போன மாதத்துக் கோபம்தான் பெரிதாக நின்றது.

ஷெட்டுக்குள் வண்டியை விடச் சொல்லி, கதவு விளிம்பைத் துடைத்துக் காயவைத்து, டேப்பை உரித்து ஒட்டி, கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தினேன். மணி மூன்று.

“நாளைக்கு மூணு மணி வரைக்கும் கண்ணாடிய எறக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, கண்ணாடி ஏற்றி இறக்கும் ஹேண்டில் இரண்டையும் கழற்றி டிராயரில் போட்டேன்.

“அக்கா, விளையாடாத. குடு. உள்ள இருக்க முடியாதுக்கா.”

“ஒரு நாளு புழுங்குனா செத்துட மாட்ட. போடா!”

பாழும் வாய். லோடு தாமதமானால் ஏசுவார்கள் என்று, முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிவிட்டான்.

வண்டி நின்ற இடத்தில் தார்ப்பாயிலிருந்து ஒழுகியது தேங்கியிருந்தது. அதன் அடியில் சிமெண்ட் தரை நுரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றலாம் என்று குனிந்தேன். தொண்டை அடைத்தது, கண்ணில் நீராகக் கொட்டியது. வெளியே ஓடிப்போய் மழையில் நின்றுதான் மூச்சு விட்டேன். நாலு பக்கமும் திறந்த ஷெட்டிலேயே எனக்கு இப்படி. ஐயோ ஏசப்பா, அவன் அடைத்த கேபினுக்குள் அல்லவா போகிறான்!

போனை எடுக்க ஓடினேன். அதற்குள் டிராயரில் அதுவே அதிர்ந்தது. பக்கத்தில் கிடந்த ஹேண்டில்கள் கடகடவென்று ஆடின. எபிதான்.

“அக்கா... ஹேண்டிலு...”

“வண்டிய ஓரங்கட்டுடா! கதவத் தொறந்துக்கினு எறங்கு! எபி!”

இருமல் கேட்டது. பிறகு அதுவும் நின்று, வைப்பர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஹேண்டில்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினேன். கவரைப்பேட்டைக்கு முன்னால் வண்டி ஓரமாக நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி இரண்டும் முழுக்க ஏற்றியபடி இருந்தன. உள்பக்கம் படிந்திருந்த ஆவியில் அவன் கை தடவிய தடம் கீழ்நோக்கி, ஹேண்டில் இருக்க வேண்டிய இடம் வரை இறங்கியிருந்தது. கதவைத் திறந்தேன். முழுப் பாரமாக என் மேல் சாய்ந்தான்.

மறுநாள் மூன்று மணிக்கு வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது. எபி ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தான். என்னை யாரும் தடுக்கவில்லை. பையிலிருந்த ஹேண்டிலை மாட்டி, கண்ணாடியை அடிவரை இறக்கினேன். வைசர் இம்மியும் அசையவில்லை.