அசதியை அளந்த பட்டை

ஆய்வு செய்யும் பெண் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். என் நடமாட்டத்தைக் காட்டும் ஒரு வாரக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்து, கடைசி நாள் மட்டும் துள்ளிக் குதித்திருந்தது.

"நேத்து காலையிலேருந்து நடந்துட்டே இருந்திருக்கீங்க. எங்கம்மா போனீங்க?"

நானா? சோபாவைத் தாண்டவில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து எத்தனையோ மாதங்கள் ஆகியும், ஒரு வாளித் துணி காயப்போட்டால் போதும், கை கால் ஓய்ந்துவிடும். "அதான் குணமாயிடுச்சே" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி, கதவில் சாவிச் சத்தம் கேட்டாலே எழுந்து துடைப்பத்தை எடுக்கப் பழகியிருந்தேன். கணவரிடமும் அதே நாடகம்தான். ஒன்று, நோய் திரும்பிவிட்டது. இல்லையென்றால் நான் வடிகட்டின சோம்பேறி. எது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆஸ்பத்திரியில் நடக்கும் இந்த ஆய்வில் சேர்ந்தேன். நடையை அளக்க அவர்கள் தந்த கைப்பட்டையைக் குளிக்க மட்டுமே கழற்றினேன். நேற்று அப்படிக் கழற்றி வைத்தது, மாலைவரை அகப்படவில்லை.

பக்கத்தில் என் கணவர் மின்விசிறியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர். தெருத்தெருவாக நடப்பதுதான் அவர் பிழைப்பு.

"என்னங்க?" என்றேன்.

"நான்தான் கட்டிட்டுப் போனேன். ஒரு நாளாவது உனக்கு நல்ல மார்க் வரட்டுமேன்னு…"

என் மானம் கப்பலேறியது. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"சார், இதுல பாஸ் ஃபெயில் எல்லாம் கிடையாது. அவங்க அசதியத்தான் நாங்க தேடுறோம், நீங்க அதையே மறைச்சிட்டீங்களே!" பிறகு என்னிடம் திரும்பினாள். "டாக்டர் ஸ்கேன் பாத்துட்டாங்கம்மா. நோய் திரும்பல. சிகிச்சைக்கு அப்புறம் ரொம்ப நாள் இந்த அசதி நிறைய பேருக்கு இருக்கு. ஏன்னு இன்னும் முழுசா தெரியல. ஆனா சோம்பேறித்தனம் இல்ல."

"இல்லையா?"

"இல்லவே இல்ல."

அங்கேயே அழுதேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய நிம்மதி. கணவர் கைக்குட்டையை நீட்டினார்.

"துடைப்பம் விஷயம் எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "அதான் தினம் சாவிய அந்த ஆட்டு ஆட்டிட்டு வருவேன். நீ பதறாம எழுந்துக்கணும்னு."

மறுநாள் சாயங்காலம். பட்டை என் கையில், நான் சோபாவில். வாசலில் சாவி பலமாகக் குலுங்கியது. துடைப்பம் தன் மூலையில் நின்றது. நான் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

குலுங்கல் பாதியில் நின்றது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. இமையிடுக்கில் பார்த்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தபால்காரர் நுனிக்காலில் என்னைத் தாண்டிப் போனார்.